தட்டணு வடிவ மாற்றம்: ஒளி ஊடுருவல் கோட்டில் விழும் அந்தச் சின்னப் பள்ளம் நிஜம்தானா?

பல்கலைநகர்_மாணவி எழுதியது:

வணக்கம். ஏடிபி (அடினோசின் டைஃபாஸ்பேட், ADP) கொடுத்ததும் பிளேட்லெட், அதாவது ரத்தத் தட்டணு, தட்டு வடிவத்திலிருந்து முள் முளைத்த உருண்டையாக மாறுகிறதே, அதை ஒளி ஊடுருவலை வைத்து அளக்கப் பார்க்கிறோம். வடிவம் மாறும்போது கடந்து வரும் ஒளி கொஞ்சம் குறைந்து கோட்டில் சின்னப் பள்ளம் விழ வேண்டும், பிறகு தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் கோடு மேலே ஏறும். கருவி துறையிலேயே கட்டியது. 650 நானோமீட்டர் சிவப்பு எல்இடி, பிபிடபிள்யூ34 ஒளி டையோடு, 1 மெகாஓம் ரெசிஸ்டர் போட்ட ஆம்ப்ளிஃபயர், வோல்ட்டை எண்ணாக மாற்றும் 16 பிட் ஏடிஎஸ்1115 சில்லு, 37 டிகிரியில் நிற்கும் அலுமினியக் கட்டை, அடியில் 1200 ஆர்பிஎம்-இல் காந்தக் கலக்கி. நொடிக்கு 10 தடவை அளவு எடுக்கிறோம்.

தட்டணு இல்லாத பிளாஸ்மாவுக்கு, அதாவது பிபிபிக்கு, 1.8 வோல்ட் வருகிறது. தட்டணு மிகுந்த பிஆர்பிக்கு 0.9 வோல்ட். 450 மைக்ரோலிட்டர் பிஆர்பியில் 50 மைக்ரோலிட்டர் ஏடிபி சேர்க்கிறோம், இறுதிச் செறிவு 5 மைக்ரோமோலார்.

இரண்டு சிக்கல். ஏடிபி போட்டால் பள்ளமே விழாமல் கோடு நேரே மேலே போய்விடுகிறது. ஒன்றுமே போடாமல் சும்மா ஓடவிட்டால், 20 நொடிக்கு ஒரு தடவை அழகாக ஒரு பள்ளம் விழுகிறது, வடிவ மாற்றம் இப்படித்தான் இருக்கும் என்று பாடத்தில் போட்ட படம் மாதிரியே. எங்கே தப்பு?

சால்டரிங்_சாமி எழுதியது:

இரண்டாவது சிக்கலுக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லைம்மா. கணக்கைப் பாருங்க.

1200 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 20 சுற்று. நீங்க நொடிக்கு 10 தடவை எட்டிப் பாக்குறீங்க. அப்படின்னா ஒவ்வொரு தடவையும் கலக்கித் தண்டு அதே இடத்துல நிக்கிற மாதிரித் தெரியும். ஆனா மோட்டார் சரியா 1200-ல ஓடாது. 1197-ல ஓடுதுன்னு வைங்க, நொடிக்கு 19.95 சுற்று. 20-க்கும் அதுக்கும் வித்தியாசம் 0.05. அந்த வித்தியாசம் 20 நொடிக்கு ஒரு முழு அலையா உங்க கோட்டுல ஏறும். 10 நொடி இறக்கம், 10 நொடி ஏற்றம். படத்துல பேருந்துச் சக்கரம் பின்னாடி சுத்துற மாதிரித் தெரியுதே, அதே கதைதான்.

இன்னொண்ணு. தண்டோட ரெண்டு முனையும் ஒரே மாதிரி சுத்துனா ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை மறைக்கும், அலை 10 நொடிக்கு ஒண்ணா வரும். உங்களுக்கு 20 வருதுன்னா தண்டு நடுவுல நிக்காம ஒரு பக்கமா விலகிச் சுத்துது, ஒரு முனை மட்டும் ஒளிக்கற்றையை உரசுது. ஒளிப் பாதையை 2 மி.மீ. மேல ஏத்துங்க.

சோதனை சுலபம். குவெட்டில் (மாதிரி ஊத்துற சின்னக் குழாய்) வெறும் தண்ணியும் தண்டும் போட்டு ஓடவிடுங்க. அலை அப்பவும் வந்தா தட்டணு நிரபராதி. அடுத்து வேகத்தை 1100-க்கு இறக்குங்க. 18.33 சுற்று, 20-லிருந்து 1.67 தள்ளி. மெதுவான அலை காணாமப் போய், நொடிக்கு ஒன்றரைத் தடவைக்கு மேல துடிக்கிற சலசலப்பா மாறிடும்.

தீர்வு: ஏடிஎஸ்1115-ஐத் தொடர் ஓட்டத்தில் நொடிக்கு 250 அளவுக்கு வைங்க. அதுக்கு முன்னாடி 10 கிலோஓம், 0.22 மைக்ரோஃபாரட் ஒரு வடிகட்டி, 72 ஹெர்ட்ஸ்ல வெட்டும். பிறகு அரை நொடிச் சராசரி எடுங்க, 1200-க்கு அது சரியா 10 சுற்று. கலக்கியால கோட்டுல வர்ற சலசலப்பும் போகும், டியூப்லைட்டோட 100 ஹெர்ட்ஸ் துடிப்பும் போகும். மூடியைக் கறுப்பு அடிக்க மறந்துடாதீங்க, பிபிடபிள்யூ34-க்கு ஜன்னல் வெளிச்சமும் தெரியும்.

தட்டணு_பித்தன் எழுதியது:

சாமி அண்ணன் இரண்டாவதை முடித்துவிட்டார். முதல் சிக்கல் என் பக்கம்.

50 மைக்ரோலிட்டர் சேர்க்கிறீர்கள். அதனால் தட்டணுச் செறிவு 10 சதவீதம் குறைகிறது. உங்கள் எண்களையே வைத்துப் பாருங்கள்: 1.8-ஐ 0.9-ஆல் வகுத்தால் 2, அதன் இயல் மடக்கை 0.693. நீர்த்ததால் இது 10 சதவீதம், அதாவது 0.069 குறையும். வோல்ட்டில் பார்த்தால் 0.9 என்பது சுமார் 0.965 ஆகும். 65 மில்லிவோல்ட் மேலே! வடிவ மாற்றப் பள்ளம் என்பது இந்த 900 மில்லிவோல்ட் இடைவெளியில் சில சதவீதம்தான். 5 சதவீதம் என்றால் 45 மில்லிவோல்ட். ஏறுவது 65, இறங்குவது 45. பள்ளம் விழுந்திருக்கிறது, நீர்த்தல் அதை முழுங்கிவிட்டது. அது போதாதென்று 5 மைக்ரோமோலார் ஏடிபியில் திரட்சியும் உடனே தொடங்கிக் கோட்டை மேலே இழுக்கிறது.

எனவே 495 மைக்ரோலிட்டர் பிஆர்பியில் 5 மைக்ரோலிட்டர் மட்டும் சேருங்கள். 100 மைக்ரோமோலார் கரைசலிலிருந்து 5 எடுத்தால் இறுதியில் 1 மைக்ரோமோலார். வடிவ மாற்றத்துக்கு அது தாராளம். இப்போது நீர்த்தலால் ஏறுவது 6 மில்லிவோல்ட் மட்டுமே. அதே 5 மைக்ரோலிட்டர் வெறும் உப்புநீரைச் சேர்த்து ஒரு ஓட்டம் ஓட்டி, அந்த எண்ணைக் கழித்துவிடுங்கள். உப்புநீர் ஓட்டம் இல்லாத வடிவ மாற்ற அளவை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை.

திரட்சியைத் தனியாக நிறுத்த வேண்டும். தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்கு ஜிபி2பி/3ஏ ஏற்பியும் ஃபைப்ரினோஜனும் தேவை. வடிவம் மாற இவை இரண்டும் வேண்டாம். அந்த ஏற்பியை அடைக்கும் எப்டிஃபிபடைட் மருந்து இதய வார்டுகளில் 2 மி.கி./மி.லி. குப்பியில் வரும். அதைப் பத்து மடங்கு நீர்த்து, 480 மைக்ரோலிட்டர் பிஆர்பிக்கு 20 மைக்ரோலிட்டர் போட்டால் மி.லி.க்கு 8 மைக்ரோகிராம், ஏறக்குறைய 10 மைக்ரோமோலார். 2 நிமிடம் 37 டிகிரியில் விட்டு, பிறகு ஏடிபி. கோடு கீழே இறங்கி அங்கேயே நிற்கும். சில நிமிடங்களில் மெதுவாக ஏறும், ஏனென்றால் ஏடிபி சிதையச் சிதையத் தட்டணு பழைய தட்டு வடிவத்துக்கே திரும்பும்.

ரத்தவங்கி_மேசை எழுதியது:

எப்டிஃபிபடைட் கிடைக்கவில்லை என்றால் ஈடிடிஏ 5 மில்லிமோலார் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் திரட்சி நிற்கும், உண்மைதான். ஆனால் ஈடிடிஏவே தட்டணுவை மெல்ல உருண்டையாக்கும். ஊதா மூடிக் குழாயில் மணிக்கணக்கில் வைத்த ரத்தத்தில் எம்பிவி (தட்டணுவின் சராசரிப் பருமன்) ஏறிக்கொண்டே போவதை செல் கவுண்டரில் தினமும் பார்க்கிறோமே, அதுதான். அடிக்கோடே நகர்ந்தால் பள்ளத்தை எங்கிருந்து அளப்பது?

மாதிரி எடுப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பாதித் தப்பு அங்கேதான் நடக்கும்.

ஊசி 21 கேஜ் அல்லது அதைவிடத் தடிமன். கட்டு இறுக்கமாக நெடுநேரம் வேண்டாம். முதல் 3, 4 மி.லி. வேறு சோதனைக்குப் போகட்டும். நீல மூடிக் குழாய், 3.2 சதவீத சோடியம் சிட்ரேட், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒன்று, குறி வரை நிரம்ப வேண்டும். ரத்தம் கொடுப்பவர் வெறும் வயிற்றில் வந்தால் நல்லது. காலையில் வடையும் பொங்கலும் சாப்பிட்டு வந்தவரின் பிளாஸ்மா பால் மாதிரி இருக்கும். அப்போது பிபிபியே மங்கலாகி உங்கள் 1.8 வோல்ட் 1.3-க்கு வந்து நிற்கும், இடைவெளி சுருங்கிப் பள்ளம் கோட்டின் சலசலப்பில் புதையும். காப்பி, டீ குடித்து 2 மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். ஆஸ்பிரின் எடுத்தவரா என்றும் கேளுங்கள்.

சுழற்றுவதை ஆர்பிஎம்-இல் எழுதாதீர்கள். பிஆர்பிக்கு 200 ஜி (புவியீர்ப்பின் 200 மடங்கு), 10 நிமிடம், பிரேக் இல்லாமல். பிபிபிக்கு 1500 ஜி, 15 நிமிடம். ரோட்டர் ஆரம் 15 செ.மீ. என்றால் 200 ஜி என்பது 1090 ஆர்பிஎம், 10 செ.மீ. என்றால் 1340. யாரோ எழுதிவைத்த 1300-ஐ 15 செ.மீ. ரோட்டரில் போட்டால் 280 ஜி-க்கு மேல் போகும், பெரிய தட்டணுக்கள் சிவப்பணுவோடு அடியில் போய்விடும். வடிவ மாற்ற ஆய்வில் பெரிய தட்டணுவை இழப்பது சரியான ஏமாற்று வேலை.

கடைசியாக, குளிரூட்டப்பட்ட சென்ட்ரிஃப்யூஜ் என்றால் வெப்பநிலைத் திரையைப் பாருங்கள். முந்தையவர் புரதத்துக்காக 4 டிகிரியில் விட்டுப் போயிருப்பார். குளிரில் தட்டணுவின் ஓரத்தைச் சுற்றி வளையமாக இருக்கும் நுண்குழல் கலைந்துவிடும், ஏடிபி வருவதற்கு முன்பே உருண்டை ஆகிவிடும். 22 டிகிரி வைத்து, ரோட்டரும் அந்த வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள்.

பல்கலைநகர்_மாணவி எழுதியது:

மிக்க நன்றி எல்லோருக்கும். தண்ணீரில் ஓட்டினேன், 20 நொடி அலை அப்படியே வருகிறது. ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு கேள்வி. ரத்தம் மதுரை கோரிப்பாளையம் பக்கமிருந்து வருகிறது. காளவாசல், நாகமலை புதுக்கோட்டை வழியாக இங்கே வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். ஐஸ் பெட்டியில் கொண்டுவரலாமா? சித்திரை வெயிலில் வண்டியில் வெறுமனே வைத்தால் 40 டிகிரியைத் தொடுகிறதே.

ரத்தவங்கி_மேசை எழுதியது:

ஐஸ் கூடவே கூடாது தங்கச்சி, மேலே சொன்ன காரணம்தான். தெர்மோகோல் பெட்டியில் ஏசி அறையில் இரவு முழுக்க இருந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை வையுங்கள். நடுவில் குழாய் ஸ்டாண்டு, குழாய் நிமிர்ந்தபடி. இரண்டு லிட்டர் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது, முக்கால் மணி நேரத்துக்குத் தாங்கும். பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டோவின் பின்பக்கத்தில் போட்டால் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் சிவப்பணு கொஞ்சம் உடையும். உடைந்த சிவப்பணுவிலிருந்து ஏடிபி கசியும். அந்த ஏடிபி என்ன செய்யும் என்பதைப் பித்தன் சாரே சொல்லட்டும்.

பிஆர்பி பிரித்த பின் 15 நிமிடம் அறை வெப்பநிலையில் அசையாமல் ஓய்வு. ரத்தம் எடுத்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

தட்டணு_பித்தன் எழுதியது:

சொல்கிறேன். ஏடிபிக்குத் தட்டணுவில் இரண்டு ஏற்பிகள். பி2ஒய்1 ஜிகியூ என்ற புரதம் வழியாகக் கால்சியத்தை ஏற்றி வடிவத்தை மாற்றும். பி2ஒய்12 திரட்சியை வலுப்படுத்தி நிலைநிறுத்தும். இதில் பி2ஒய்1 சீக்கிரம் மரத்துப்போகும் ரகம். குழாயில் கசிந்த துளி ஏடிபியே அதை மரக்கச் செய்யும். பிறகு நீங்கள் 1 மைக்ரோமோலார் கொடுத்தாலும் பள்ளம் பாதிதான் விழும், தட்டணு கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். கழுவிய தட்டணுவில் வேலை செய்கிறவர்கள் டைரோட் உப்புக்கரைசலில் மி.லி.க்கு 0.02 யூனிட் அபிரேஸ் என்ற நொதியைச் சேர்ப்பது இதற்காகத்தான், கசியும் ஏடிபியை அது அவ்வப்போது தின்றுவிடும்.

இங்கேயே இன்னொன்று. குளோபிடோக்ரெல், டிகாக்ரெலார் எடுக்கும் நோயாளியின் ரத்தத்தில் ஏடிபி போட்டால் திரட்சி குறையும், ஆனால் வடிவ மாற்றப் பள்ளம் விழும். அவை அடைப்பது பி2ஒய்12-ஐ மட்டும். மருந்து வேலை செய்யவில்லை என்று அந்தப் பள்ளத்தைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். எதிர்ப்பக்கத்துக்கு எம்ஆர்எஸ்2179 கொண்டு பி2ஒய்1-ஐ அடைத்தால் ஏடிபிப் பள்ளம் மறைய வேண்டும். மறையவில்லை என்றால் நீங்கள் பார்ப்பது வடிவ மாற்றமே அல்ல. அட்ரினலினும் நல்ல ஒப்பீட்டுச் சோதனை, அது வடிவத்தை மாற்றாமலே திரட்சியைக் கொடுக்கும்.

சந்தேகக்_கோடு எழுதியது:

எல்லாரும் பள்ளம் பள்ளம் என்கிறீர்கள். ஒளி ஊடுருவல் வடிவத்தைப் பார்க்கவே இல்லை என்பது என் கட்சி. அது கலங்கலை மட்டும் பார்க்கிறது. எல்இடி சூடாகி மங்கினாலும் கோடு இறங்கும். தட்டணு வீங்கினாலும் மாறும். இறங்கியது என்பதற்காக முள் முளைத்தது என்று எப்படி எழுதுவது?

தட்டணு_பித்தன் எழுதியது:

நியாயமான கேள்வி, இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

குஸ்டாவ் போர்ன் 1962-இல் இந்த ஒளி முறையை வெளியிட்டார். இயற்பியலாளர் மேக்ஸ் போர்னின் மகன், அப்பாவின் பாடம் வீண்போகவில்லை. திரட்சி கூடக்கூட ஒளி அதிகம் கடக்கும், அதுதான் அந்த முறையின் அடிப்படை. அதற்கு முன்னால் வரும் சின்ன இறக்கத்தைத்தான் வடிவ மாற்றம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

கோட்டின் உயரத்தை மட்டும் பார்த்தால் சந்தேகக்கோடு சொல்வது சரி. ஆனால் கோட்டில் இன்னொரு தகவல் ஒளிந்திருக்கிறது, பெரும்பாலோர் அதை வேண்டாத சலசலப்பு என்று வடிகட்டித் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஓய்வில் இருக்கும் தட்டணு 2 முதல் 3 மைக்ரான் அகலம், ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனம். கலக்கும்போது இந்தத் தட்டுகள் ஓட்டத்தோடு திரும்பித் திரும்பிப் படுக்கின்றன. ஒரு கணம் முகம் காட்டும், மறுகணம் விளிம்பு காட்டும். கண்மாயில் கெண்டைக் குஞ்சுக் கூட்டம் சட்டென்று திரும்பும்போது தண்ணீர் பளிச்சிடுமே, அதே மாதிரி. அதனால்தான் நல்ல பிஆர்பியின் கோடு அகலமாகத் துடிக்கும். உருண்டை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான், துடிப்பு அடங்கிவிடும்.

ஆகவே இரண்டு எண்கள் எடுங்கள். ஒன்று, அரை நொடிச் சராசரியின் இறக்கம். இரண்டு, 2 நொடிச் சாளரத்துக்குள் துடிப்பின் திட்ட விலக்கம், கலக்கியின் 20 ஹெர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் நீக்கிய பிறகு. இறக்கமும் துடிப்புக் குறைவும் சேர்ந்து, சில நொடிகளுக்குள் வந்தால் வடிவ மாற்றம். எல்இடி மங்கினால் சராசரி இறங்கும், துடிப்பு அதே விகிதத்துக்கு மேல் குறையாது. குமிழி வந்தால் துடிப்பு கூடும். திரட்சி தொடங்கினாலும் பெரிய பெரிய தடுமாற்றமாகத் துடிப்பு கூடும்.

ரத்தவங்கி_மேசை எழுதியது:

இதை நாங்கள் கருவியே இல்லாமல் தினமும் செய்கிறோம், பித்தன் சார். பிளேட்லெட் பையை டியூப்லைட் பக்கம் தூக்கிப் பிடித்து மெல்லப் பிசைந்தால் உள்ளே பட்டுத்துணி மடிப்பு மாதிரி ஒரு மினுமினுப்பு சுழலும். சுழல் இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதுவோம். 20 முதல் 24 டிகிரியில் ஆட்டும் கருவியில் இருக்கும் பையில் அது இருக்கும். பிஎச் 6.2-க்குக் கீழே போனாலோ, யாராவது தப்பாக ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாலோ, பை வெறும் மங்கலாக, பார்லி தண்ணீர் போலத் தெரியும். தட்டு எல்லாம் உருண்டையாகிவிட்டது என்று அர்த்தம்.

சால்டரிங்_சாமி எழுதியது:

எல்இடி பத்திச் சொன்னீங்களே சந்தேகம், அது பொய்யில்லை. சிவப்பு எல்இடி சூடாகச் சூடாக மங்கும். நீங்க அதை 37 டிகிரிக் கட்டையோட ஒட்டி வச்சிருக்கீங்க. ஒளி ஒரு சதவீதம் மங்கினா 0.9 வோல்ட்ல 9 மில்லிவோல்ட் இறங்கும், அதாவது இடைவெளியில ஒரு சதவீதப் பொய்ப் பள்ளம். அரை மணி நேரம் முன்னாடியே போட்டுச் சூடாக விடுங்க, கரண்ட்டை நிலையா வைக்கிற சர்க்யூட் போடுங்க. கை வசதி இருந்தா எல்இடி பக்கத்துல இன்னொரு டையோடு வச்சு ரெண்டையும் வகுத்துடுங்க. கரண்ட் போய் யூபிஎஸ் மாறுற நேரத்துல எடுத்த ஓட்டத்தைத் தூக்கிப் போடுங்க, அப்ப கலக்கி வேகமும் ஆடும்.

இன்னும் ஒண்ணு, டையோடை குவெட் மேல ஒட்டி வச்சிருந்தா எடுத்துடுங்க. தட்டணு சிதறடிக்கிற ஒளி பெரும்பாலும் முன்பக்கமாத்தான் போகும். ஒட்டி வச்ச டையோடு அதையும் சேத்துப் பிடிச்சு, கடந்து வந்த ஒளின்னு கணக்குச் சொல்லும். இடைவெளியே சுருங்கிடும். குவெட்டுக்கு 30 மி.மீ. தள்ளி, கறுப்பு அட்டையில 2 மி.மீ. துளை போட்டு அதுக்குப் பின்னாடி டையோடு. பக்கத்துக்கு ரெண்டு டிகிரிக்குள்ள வர்ற ஒளி மட்டும் நுழையும். இந்தக் கோணத்தை ஆய்வேட்டுல எழுதுங்க, இல்லைன்னா இன்னொருத்தர் கருவியோட உங்க சதவீதத்தை ஒப்பிடவே முடியாது.

பல்கலைநகர்_மாணவி எழுதியது:

எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ஓட்டினேன். 250 அளவு, அரை நொடிச் சராசரி, துளை அட்டை, எப்டிஃபிபடைட், 5 மைக்ரோலிட்டர். துளை அட்டை போட்டதும் ஒளி குறைந்தது, எல்இடி கரண்ட்டை ஏற்றி மறுபடி பிபிபி 1.8, பிஆர்பி 0.9 என்று கொண்டுவந்தேன்.

உப்புநீர்: 6 மில்லிவோல்ட் ஏற்றம், துடிப்பில் மாற்றமில்லை. ஏடிபி 1 மைக்ரோமோலார்: 42 மில்லிவோல்ட் இறக்கம், துடிப்பு பாதிக்கும் கீழே. அப்படியானால் உண்மையான இறக்கம் 48, 900-இல் 5.3 சதவீதம் என்று எழுதலாமா?

ஆனால் மதியம் மூன்றாவது ஓட்டத்தில் அதே பிஆர்பி 20 மில்லிவோல்ட் மட்டுமே இறங்கியது. ரத்தம் எடுத்து 3 மணி நேரம்தான் ஆகியிருந்தது.

தட்டணு_பித்தன் எழுதியது:

48-ஐ 900-ஆல் வகுப்பது சரி. கணக்கில் எப்டிஃபிபடைட் சேர்த்த பின் உள்ள பிஆர்பியை பூஜ்ஜியமாக எடுங்கள், அதுவும் 4 சதவீதம் நீர்த்துவிட்டது. பிபிபியிலும் அதே அளவு சேருங்கள்.

மதியச் சரிவுக்கு மூன்று சந்தேக நபர்கள். முதலாவது ஏடிபி கரைசல். 10 மில்லிமோலார் மூலக்கரைசலைச் சின்னச் சின்னப் பங்குகளாக உறைநிலையில் வைத்து, அன்றன்று ஒன்றை உருக்குங்கள், மிச்சத்தைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம். 100 மைக்ரோமோலார் வேலைக் கரைசல் மேசையில் இல்லாமல் ஐஸில் இருக்க வேண்டும். ஐஸ் மருந்துக்கு, ரத்தத்துக்கு அல்ல! இரண்டாவது பிஎச். பிஆர்பிக் குழாயைத் திறந்தே வைத்தால் கரியமில வாயு பறந்து காரத்தன்மை ஏறும். குறுகிய குழாயில் முடிந்தவரை நிரப்பி, மூடி போட்டு வையுங்கள். மூன்றாவது, நான் முன்பு சொன்ன பி2ஒய்1 மரத்துப்போவது.

பிரித்தறிய வழி: முதலில் புதிதாக உருக்கிய ஏடிபி. பள்ளம் திரும்பினால் முதலாவதுதான் குற்றவாளி. திரும்பாவிட்டால் யு46619 கொடுங்கள், அது த்ராம்பாக்ஸேன் ஏற்பி வழியாக வடிவத்தை மாற்றும். அதற்கு முழுப் பள்ளம் விழுந்து ஏடிபிக்கு மட்டும் விழாவிட்டால் தட்டணு நலம், பி2ஒய்1 மட்டும் தூக்கம். இரண்டுக்கும் விழாமல், ஆரம்பத் துடிப்பே காலையைவிடக் குறைந்திருந்தால், தட்டணு ஏற்கெனவே உருண்டையாகிவிட்டது. அந்தக் குழாயைக் கொட்டிவிடுங்கள்.

சந்தேகக்_கோடு எழுதியது:

துடிப்பு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உருண்டை என்றுதான் அது சொல்கிறது, முள் இருக்கிறதா என்று சொல்லாது. குளிரில் உருண்டதும் ஏடிபியில் உருண்டதும் துடிப்பில் ஒன்றாகத்தானே தெரியும்?

தட்டணு_பித்தன் எழுதியது:

ஆமாம். அதனால்தான் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு முறையாவது நுண்ணோக்கியில் எண்ணிப் பார்க்கச் சொல்வேன். ஒளிக்கோடு நேரத்தைச் சொல்லும், கண்ணாடித்துண்டு வடிவத்தைச் சொல்லும். ஃப்ளோ சைட்டோமீட்டர் இருந்தாலும் முன்சிதறல் எண்ணை மட்டும் நம்பி முள் பற்றி எழுத முடியாது.

ஏடிபி போட்டு 10-ஆம் நொடியில் 50 மைக்ரோலிட்டர் எடுத்து, 37 டிகிரியில் சூடாக வைத்த 450 மைக்ரோலிட்டர் குளூட்டரால்டிஹைடில் விடுங்கள், பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் சேர்த்த உப்புநீர்) 1 சதவீதம். குளிர்ந்த நிலைநிறுத்தியில் விட்டால் நிலைநிறுத்தும் முன்பே குளிர் உருட்டிவிடும். பிபெட் முனை அகலமாக இருக்கட்டும், முனையை வெட்டிக்கொள்ளலாம். 100 எண்ணெய் லென்ஸ், ஃபேஸ் கான்ட்ராஸ்ட் அல்லது டிஐசி நுண்ணோக்கி முறை, 200 தட்டணு எண்ணுங்கள். விளிம்பில் நிற்கும் தட்டு குச்சி போலத் தெரியும், அதையும் தட்டுக் கணக்கில் சேருங்கள். வழவழப்பான உருண்டை வேறு, ஊமத்தங்காய் மாதிரி முள்ளோடு இருப்பது வேறு.

மதிப்பெண்ணுக்குக் குனிக்கி முறை: தட்டுக்கு 4, உருண்டைக்கு 2, முள் விட்டதுக்கு 1, ஊதிப்போனதுக்கு 0, ஒவ்வொன்றையும் சதவீதத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். உச்சம் 400. எடுத்துக்காட்டுக்கு 80 தட்டு, 15 உருண்டை, 5 முள் என்றால் 320, 30, 5 கூட்டி 355. 10, 30, 60 என்று மாறினால் 160. எண்ணுகிறவருக்கு எது ஏடிபி, எது உப்புநீர் என்று தெரியக் கூடாது.

நாகமலை_ஹெமட் எழுதியது:

டெங்கு சீசனில் இதை நோயாளிகளிடம் செய்து பார்க்கலாமா என்று எனக்குத் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். ஒளி ஊடுருவலுக்குப் பிஆர்பி எண்ணிக்கை லிட்டருக்கு 150 × 10⁹-க்குக் கீழே போனால் இடைவெளி சுருங்கி எல்லாம் தள்ளாடும். ரத்தத்திலேயே மைக்ரோலிட்டருக்கு 40 ஆயிரம், அதாவது லிட்டருக்கு 40 × 10⁹ மட்டும் இருப்பவரிடம் இந்தக் கோட்டைப் படிக்க நினைக்க வேண்டாம். எண்ணிக்கை அதிகமாக இருந்தால் 600 × 10⁹ வரை பிபிபி ஊற்றி நீர்க்காமல் அப்படியே ஓட்டுவதுதான் நல்லது, பிபிபி சேர்ப்பதே தட்டணுவின் பதிலைக் குறைத்துக் காட்டலாம்.

நிறுவன நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் நண்பர்களிடம் ரத்தம் எடுக்க வேண்டாம், ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல் மாணவர் திட்டத்துக்கும் பொருந்தும். பயன்படுத்திய குவெட் 1 சதவீத ஹைப்போகுளோரைட்டில் அரை மணி நேரம். குளூட்டரால்டிஹைடை அந்த வாளியில் ஊற்றக் கூடாது, அதற்குத் தனிப் பாட்டில்.

பல்கலைநகர்_மாணவி எழுதியது:

புதிய ஏடிபி பங்கை உருக்கியதும் மதியப் பள்ளம் 44-க்குத் திரும்பிவிட்டது. பழைய வேலைக் கரைசல் காலையிலிருந்து மேசையில்தான் இருந்திருக்கிறது.

ஒரே ஒரு தொல்லை மிச்சம். குளூட்டரால்டிஹைடில் விட்டதும் மாதிரி கொழகொழவென்று நூல் விடுகிறது, கண்ணாடியில் தட்டணு தெரியவே இல்லை.

ரத்தவங்கி_மேசை எழுதியது:

50-க்கு 450 எடுத்தீர்களா, இல்லை சம அளவா? சம அளவு என்றால் பிளாஸ்மா புரதமே இறுகிவிடும். பத்தில் ஒன்று எடுத்தும் நூல் விட்டால் 25-க்கு 475 எடுங்கள். பிஆர்பியை நிலைநிறுத்தியின் நடுவில் விட்டு, குழாயை ஒரே ஒரு தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், வோர்டெக்ஸில் வைக்க வேண்டாம். அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து, கவர்ஸ்லிப் போட்டு, 5 நிமிடம் படிய விட்டுப் பாருங்கள்.

பல்கலைநகர்_மாணவி எழுதியது:

சம அளவுதான் எடுத்திருந்தேன் அக்கா. 25-க்கு 475 போட்டதும் தெளிவாகிவிட்டது, முள் எண்ண முடிகிறது.